சாமி வீட்டுக்குச் சாம்பல் நிறம்

மலேசியாவின் குளுவாங்கில் அந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்து செல்லம் வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சாமி வீடு எது என்று கேட்டால், கேஸ் கொண்டு வரும் சீனர் முதல் தபால் போடும் மலாய்க்காரர் வரை எல்லோரும் கை காட்டுவார்கள். வரிசையின் கடைசி வீடு. கேட்டைத் திறந்ததும் இடது கைப் பக்கம் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை, அதற்குமேல் ஒரு தகரக் கூரை, கூரைக்கடியில் சாண் நீளத்தில் ஒரு இரும்புச் சூலம். அதுதான் முனியாண்டி. சிலை கிலை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு எலுமிச்சம்பழ மாலை, ஒரு சுருட்டு, ஒரு விளக்கு. அதற்கு மேல் செலவு செய்யச் செல்லத்துக்கு வசதி இருந்ததில்லை, சாமியும் கேட்டதில்லை.

அந்த வீட்டை விற்றுக் கொடுக்கத்தான் மனோகரன் வந்து நின்றான். வீட்டுத் தரகன். செல்லத்தின் மகள் ஷர்மினி அனுப்பி வைத்த ஆள். கழுத்தில் அட்டை, காலில் பளபளவென்று சப்பாத்து. காரிலிருந்து இறங்கியவன் வீட்டுக்குள் வரவில்லை. ரோட்டிலேயே நின்று இடுப்பில் கை வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, வீட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"உள்ள வாங்க தம்பி, காப்பி போடறேன்" என்றாள் செல்லம்.

"உள்ள அப்பறம் பாக்கலாம் ஆன்ட்டி. வாசல்தான் முக்கியம். வாங்கறவங்க கார்ல இருந்தே முடிவு பண்ணிடுவாங்க லா."

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள் என்று செல்லம் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மகள் அனுப்பிய ஆள்.

"நானும் நம்மாளுதான், சொல்றேனேன்னு கோவிச்சுக்காதீங்க" என்று அவன் ஆரம்பித்தான். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் எவரும் நல்ல சேதி சொன்னதில்லை. "இப்ப எல்லாரும் மொதல்ல போன்ல போட்டோதான் பாக்குறாங்க. மஞ்ச பெயின்ட்டு, மாவெல தோரணம், துளசி, இந்தச் சாமி. பாத்த ஒடனே இண்டியன் வீடுன்னு தெரிஞ்சிடுது. சீனவங்க, மலாய்க்காரங்க எல்லாம் அடுத்த வீட்டுக்குத் தள்ளிட்டுப் போயிடுவாங்க. அப்பறம் நம்ம வீடு ரெண்டு வருஷம் கெடக்கும். வாசல மட்டும் சரி பண்ணிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்."

சரி பண்ணுவதென்றால் என்ன என்று கேட்டாள். மஞ்சளை மறைத்து இளஞ்சாம்பல் நிறம். அரக்கு நிற கேட்டுக்குக் கறுப்பு. கறிவேப்பிலை மரத்தை வெட்டி அங்கே செயற்கைப் புல். நிலைவாசல் மஞ்சள் குங்குமத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். சாமி போக வேண்டும்.

அவன் விரல் மடக்கிச் சொன்ன ஒவ்வொன்றும் செல்லத்தின் உடம்பு உழைத்துச் சேர்த்தது. மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவள் அவள். கம்பி ஓடி ஓடி வலது ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. வீட்டுக் கடனுக்கு பேங்குக்காரன் அவள் சம்பளச் சீட்டைத்தான் பார்த்தான். புருஷனிடம் காட்டச் சீட்டு எதுவும் இல்லை. கேட் ஒரு வருஷத்து போனஸ். கார் நிறுத்தும் இடத்துச் சலவைக்கல் இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். மஞ்சள் பெயின்ட்டு, வேலையை விட்டு நின்றபோது கிடைத்த பணத்தில், ஆசைப்பட்டு, டப்பாவைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கியது.

அதெல்லாம் போகட்டும். பெயின்ட்டுக்காக அழுகிற பெண் இல்லை செல்லம். சாமி என்றதும்தான் போனைத் தேடினாள்.

ஷர்மினிக்குப் போன் போட்டாள். ஷர்மினி ஜோகூர் பாருவில் வாடகை வீட்டில் இருக்கிறாள். விடிவதற்கு முன்பே எழுந்து பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வருகிறவள். புருஷனுக்கும் அதே ஓட்டம். இரண்டு பிள்ளைகள் யார் யார் வீட்டிலோ இருக்கின்றன. சொந்தமாக ஒரு அப்பார்ட்மெண்ட், அதில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா. அவள் கேட்டது அவ்வளவுதான். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் செல்லத்தால் மறுக்கவும் முடியவில்லை.

"சாமிய எடுக்கணும்ங்கறான்மா அந்தத் தம்பி."

"அப்பா வச்ச சாமிதானம்மா. அப்பாவே இல்ல இப்ப. நம்ம கூடவே கொண்டாந்துடலாம், பால்கனியில வச்சுக்கலாம். ஒண்ணும் கொறஞ்சிடாது."

அப்பா வைத்த சாமி. செல்லம் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். "சரிம்மா" என்றாள்.

சாமியை அவள் புருஷன் ஐயாசாமி வைக்கவில்லை. ஐயாசாமி எதையும் எங்கேயும் வைத்ததில்லை, போத்தலைத் தவிர. முன்பு அவர்கள் குடியிருந்த எஸ்டேட்டை விற்று, தொழிலாளர் லயத்தை இடித்தபோது அங்கிருந்த கோயில் சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போனார்கள். உடுக்கை, மணி, குத்துவிளக்கு எல்லாம் போன பிறகு துருப்பிடித்த இந்தச் சிறிய சூலம் கேட்பாரில்லாமல் கிடந்தது. செல்லம் எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். எஸ்டேட்டின் மேல் அவளுக்கு ஏக்கம் எதுவும் கிடையாது. இரும்பு வீணாகப் போகிறதே என்றுதான் எடுத்தாள். புது வீட்டுக்கு வந்ததும் மதில் ஓரம் இரண்டு செங்கல் வைத்து அதில் குத்தி நிறுத்தினாள்.

ஐயாசாமி லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிற ஆள். பகலில் அவனைப் போல ஒரு நல்லவனைப் பார்க்க முடியாது. மகளுக்கு ஐஸ்கிரீம், பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பலூன், தோளில் யானை சவாரி. சாயந்திரம் தண்ணி உள்ளே போனால் வேறு ஆள். கை நீளும். அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே, குடித்திருக்கிறானா இல்லையா என்று செல்லத்துக்குத் தெரிந்துவிடும். குடித்திருந்தால் ஷர்மினியைப் புத்தகப் பையோடு பக்கத்து வீட்டு ஆ லானிடம் அனுப்பிவிடுவாள். ஆ லான் சீனப் பெண்மணி, வேலிக்கு அந்தப் பக்கம். ஒன்றும் கேட்காமல் பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

புது வீட்டில் முதல் வருஷம், அப்படி ஒரு சாயந்திரம், அடி தாங்காமல் வாசலுக்கு ஓடி வந்த செல்லம் மதில் மூலையில் போய் முட்டிக்கொண்டாள். அதற்கு மேல் ஓட வழி இல்லை. ஐயாசாமி கையை ஓங்கினான். ஓங்கியவன் கண் சூலத்தில் பட்டது. கை அப்படியே நின்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டான். தள்ளாடிக்கொண்டே உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

அன்று அவள் கண்டுபிடித்தது அது. எங்கே வேண்டுமானாலும் அடிப்பான், முனியாண்டி பக்கத்தில் அடிக்க மாட்டான்.

அடுத்த மாதமே சிமெண்டு மேடை கட்ட ஆள் கூப்பிட்டாள். மதிலை ஒட்டிக் கட்ட வேண்டாம், இரண்டடி தள்ளிக் கட்டுங்கள் என்றாள். எதுக்கும்மா நடுவுல சந்து என்று கொத்தனார் கேட்டார். "கூட்டறதுக்கு வசதியா இருக்கும்" என்றாள். அந்தச் சந்தில் ஒரு ஆள் நிற்கலாம். முதுகுக்கு மதில், முன்னால் சாமி. பதினெட்டு வருஷம் எத்தனையோ சாயந்திரங்களை செல்லம் அதில் நின்று கழித்திருக்கிறாள். தெருவில் போகிறவர்கள், பாருங்கள், அந்த அம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்றார்கள். ஐயாசாமியும், என் சாமி, நான் வைத்த சாமி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஈரல் கெட்டு அவன் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் தினமும் விளக்கு வைத்துவிட்டு ஒரு பத்து நிமிஷம் அந்தச் சந்தில் நிற்பாள். பயத்தில் இல்லை. இத்தனை வருஷம் காப்பாற்றிய சாமிக்கு அது மரியாதை.

இதில் ஒன்றும் ஷர்மினிக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் செல்லம் அத்தனை பாடுபட்டாள். மகள் வீட்டுக் கூடத்தில் ஐயாசாமியின் படம் மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் செல்லத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளுக்கு ஒரு நல்ல அப்பாவை அவள்தான் கையால் செய்து கொடுத்திருந்தாள். இப்போது போய்ப் பிடுங்க முடியுமா?

கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டாள். ஆடி பிறந்த நேரம் அது. "ஆடியில சாமிய அசைக்கக் கூடாதும்மா. ஆவணி பொறக்கட்டும், நாள் பாத்து உத்தரவு கேட்டு எடுப்போம்" என்றார். மனோகரனோ, படம் எடுக்கிற ஆள் இந்தச் சனிக்கிழமைதான் வருவான், விட்டால் அடுத்த மாதம் என்றான். ஷர்மினி போனில் பெருமூச்சு விட்டாள். அவள் பார்த்து வைத்திருந்த அப்பார்ட்மெண்ட்டுக்கு வேறு யாரோ முன்பணத்தோடு நின்றார்களாம்.

மற்ற வேலையெல்லாம் வியாழனுக்குள் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை செல்லம் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். தேங்காய் உடைத்தாள். எலுமிச்சம்பழம் வெட்டினாள். உத்தரவு கேட்கத் தெரியாததால் மன்னிப்பு மட்டும் கேட்டாள். சூலத்தை உருவி, மஞ்சள் துணியில் சுற்றி, பிஸ்கட் டின் ஒன்றில் வைத்து மூடினாள்.

மேடையை உடைக்க மனோகரன் ஒரு இந்தோனேசியக்காரரை அனுப்பியிருந்தான். நாற்பது வயதிருக்கும். வந்தவர் மேடையில் கிடந்த பூவையும் கருகிய திரியையும் பார்த்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மாச்சிக், பெத்துல் கா?" என்று கேட்டார். அம்மா, நிஜமாகத்தானா என்று மலாயில் இரண்டு தரம் கேட்டார்.

செல்லம் சுத்தியலை எடுத்தாள். முட்டி வலியோடு காலை அகட்டி நின்று முதல் அடியை அவளே அடித்தாள். யாரோ ஒரு வேற்று நாட்டு மனுஷன், பிழைக்க வந்தவன், அவன் தலையில் இந்தப் பாவம் எதற்கு? ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது. சுத்தியலை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே உட்கார்ந்து ஒவ்வொரு அடியையும் கேட்டாள்.

சத்தம் ஓய்ந்து வெளியே வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஆ லான் நின்றுகொண்டிருந்தாள். எழுபது வயதுக் கிழவி. சீனப் பெருநாளுக்கு ஒவ்வொரு வருஷமும் இரண்டு ஆரஞ்சுப் பழம் கொண்டு வந்து முனியாண்டிக்கு வைப்பவள். அவளுக்கு அவர் டத்தோ, அதாவது காவல் தெய்வம்.

"டத்தோ மனா?" என்றாள், சாமி எங்கே என்று.

செல்லம் பிஸ்கட் டின்னைக் காட்டினாள். கிழவி வேலிக் கம்பிகளுக்கிடையில் கையை நீட்டி அந்த டின்னின் மூடியைத் தடவினாள். பிறகு முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்லத்துக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சனிக்கிழமை எடுத்த படங்களில் வீடு அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. சாம்பல் சுவர், கறுப்பு கேட், பச்சைப் பிளாஸ்டிக் புல். யார் வீடு என்றே தெரியவில்லை. கேஸ்காரர் இரண்டு தரம் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

வீடு பார்க்க ஆறு குடும்பங்கள் வந்தன. சீனர்களுக்கு அறை சின்னதாக இருந்தது. மலாய் ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கூடம் தூரம் என்றார். கடைசியில் வாங்க வந்தது யார்? பக்கத்து ஊர் பாலோவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம். பிரவீனா என்ற இளம் பெண்ணும் அவள் புருஷனும். யாருடைய கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று வாசலை மொட்டையடித்தார்களோ அவர்கள் வாங்கவில்லை. நெற்றி நிறைய விபூதியோடு நம்மாட்கள்தான் வந்தார்கள். மனோகரன் முகத்தில் ஈயாடவில்லை என்று எழுத ஆசைதான். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமல் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டான்.

பிரவீனா வீடு முழுக்கப் பார்த்தாள். அடுப்படியைப் பார்த்தாள். செல்லம் போட்டுக் கொடுத்த காப்பியையும் குடித்தாள். நல்ல பெண். கிளம்பும்போது வாசலில் நின்று தயங்கினாள்.

"ஒண்ணு கேக்கணும். இந்த வாசல்ல காவல் சாமி ஏதும் வச்சிருந்தீங்களா ஆன்ட்டி? இருந்த சாமிய எடுத்துட்டு விக்கிற வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு எங்க மாமியார் கண்டிப்பா சொல்லிட்டாங்க. அது ஆகாதாம்."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல லா" என்றான் மனோகரன்.

"நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. நீங்க சொன்னா போதும்."

ஷர்மினி அன்று லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மனோகரனுக்குப் பின்னால் நின்று அம்மாவைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம், கையில் தூங்கிவிட்ட சின்னப் பிள்ளை.

"இல்லம்மா" என்றாள் செல்லம். "இங்க ஒண்ணும் இருந்ததில்ல."

பிரவீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பெரியவங்க வாயால கேட்டதும்தான் நிம்மதி" என்றாள். மறுநாளே முன்பணம் கட்டினார்கள்.

ஜோகூர் பாரு அப்பார்ட்மெண்ட் பதினாலாவது மாடி. பால்கனியில் செடி, துணி, படம், விளக்கு எதுவும் வைக்கக் கூடாது என்று கீழே அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஷர்மினி கட்டட நிர்வாக ஆபீசில் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தாள், நடக்கவில்லை. பூஜை அறையிலேயே வைத்துவிடலாம் என்றாள். முனியாண்டியை வீட்டுக்குள் வைக்க முடியாது என்பது அவளுக்குப் புரியவில்லை. அவர் எல்லையில் நிற்கிறவர். மண் வேண்டும், வாசல் வேண்டும், வருகிறவன் போகிறவனைப் பார்க்க வேண்டும். பதினாலாவது மாடியில் அவர் எதைக் காவல் காப்பார்? சாமான் அறையில், துணி சோப்புப் பைக்குப் பக்கத்தில், டின்னுக்குள்ளேயே இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் செல்லம் மூடியைத் திறந்து, அவரும் தானும் ஒரே நிலைமையில்தான் இருப்பதாகச் சொல்லிவிட்டு மூடுவாள்.

வீடு கைமாறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சீனப் பெருநாளுக்கு ஆ லான் கூப்பிட்டாள். சாப்பாட்டுக்கு மட்டும் அல்ல. டத்தோவையும் கொண்டு வா, என் வீட்டு மாமரத்தடியில் இடம் இருக்கிறது, என் சாமிக்குப் பக்கத்தில் உன் சாமியும் இருக்கட்டும், என் மகனிடமும் சொல்லிவிட்டேன் என்றாள். அந்த வாரம் முழுக்க செல்லம் பேரப்பிள்ளைகளிடம் சிரித்துச் சிரித்துப் பேசினாள். டின்னைத் துணிப்பையில் வைத்து, ரயில் ஏறி மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் டாக்சியிலிருந்து இறங்கியதும் வீடு தெரிந்தது. மஞ்சளாக இருந்தது. சாம்பல் நிறத்தை மறைத்து நல்ல மங்கலமான மஞ்சள் பூசியிருந்தார்கள். நிலையில் மாவிலை. கேட்டுக்குப் பக்கத்தில், இடது கைப் பக்கம், அதே இடத்தில், ஒரு மேடை. சலவைக்கல் பதித்து, மேலே ஓடு வேய்ந்து, சுற்றிச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே கண்ணாடி போல மின்னும் புத்தம்புது எவர்சில்வர் சூலம்.

ஆ லான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வர மாட்டாள் என்று நினைத்திருப்பாள். தன் வீட்டு கேட்டில் காத்திருந்து செல்லத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பிரவீனா பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி, வாங்க வாங்க. எப்படி இருக்கு நம்ம வீடு? அந்தப் பெயின்ட்டு எழவு வீடு மாதிரி இருந்துச்சு, மாத்திட்டோம்." கையைப் பிடித்து கேட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஆ லானும் பின்னாலேயே வந்தாள். "இந்தச் சாமி கத கேளுங்க. நாங்க வந்ததுலேருந்து எங்க வீட்டுக்காரருக்கு ஒடம்புக்கு முடியாமயே போச்சு. கோயில்ல குறி கேட்டோம். சாமி தானா வந்து இந்த எடத்துல நிக்க ஆசப்படுது, வச்சுக் கும்பிடுங்கன்னாங்க. வச்ச நாள்லேருந்து ஒரு கொறையும் இல்ல."

பழைய சாமியைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒருவரும் இவளிடம் சொல்லவில்லை என்று செல்லத்துக்குப் புரிந்தது. தலையை ஆட்டினாள்.

"அத்தன வருஷம் இருந்திருக்கீங்க. ஒரு வெளக்கு வைக்கணும்னுகூட ஒங்களுக்குத் தோணலையா ஆன்ட்டி? தப்பா நெனைக்காதீங்க, மனசுல பட்டதச் சொல்றேன். வச்சிருந்தா ஒங்க வீட்டுக்காரர்கூட இன்னும் கொஞ்ச காலம் நல்லா இருந்திருப்பாரு."

ஆ லானுக்கு அரைகுறைத் தமிழ் புரியும். வாயைத் திறந்தாள். செல்லம் கிழவியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"தோணலம்மா" என்றாள்.

"பரவால்ல, இப்பக் கும்பிட்டுக்குங்க. கேட்டது குடுக்கற சாமி" என்று பிரவீனா கற்பூரம் எடுக்க உள்ளே போனாள்.

செல்லம் டின்னைப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றாள். புது மேடையையும் இவர்கள் மதிலை ஒட்டிக் கட்டவில்லை. இரண்டடி விட்டிருந்தார்கள். அவள் யோசிக்கவில்லை; கால் தானாகப் போனது. சந்துக்குள் நுழைந்து மதிலில் முதுகைச் சாய்த்தாள். வெயில் ஏறிய சுவர் சூடாக இருந்தது. ஒரு வருஷமாக இப்படி மூச்சு விட்டதில்லை என்று அப்போது தெரிந்தது.

பிரவீனா தட்டோடு வந்தவள் அவளைத் தேடிவிட்டு மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.

"அங்க என்ன ஆன்ட்டி பண்றீங்க? அது சும்மா, கூட்டறதுக்கு விட்ட எடம். முன்னால வந்து கும்பிடுங்க."

செல்லம் முன்னால் வந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கும்பிட்டாள்.